அக்கா வேண்டாமென்ற காற்றாலை

1

அபிநயா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் தோளுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தாத்தா, மாட்டுக் கொட்டாயில ஒரு இரும்புச் சாமான் கெடக்குல்ல, நீங்க அனுப்புனது. அது சுத்துமா சுத்தாதா?"

"சுத்தும்டா."

"அப்ப ஏன் மாட்டல? அப்பாயிகிட்டக் கேட்டா மொறைக்குது."

நான் வேலை இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. உன் அப்பாயி என் கூடப் பிறந்த அக்கா. அவள் முறைத்ததற்கும் நான் போனை வைத்ததற்கும் காரணம் ஒன்றுதான். அதைப் போனில் சொன்னால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அந்தச் சாமான் உங்கள் வீட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். இங்கே அயர்லாந்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில் வேலை. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. உங்கள் எல்லோருக்கும்தான் எழுதுகிறேன்.

2

முதலில் உங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த கதை. இது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

திருக்காட்டுப்பள்ளி ரோட்டிலிருந்து இறங்கி, வாய்க்கால் மதகைத் தாண்டி, இரண்டு வயல் கடந்தால் நம் தெரு. அந்த வயல் இரண்டும் பண்ணை வீட்டுக்குச் சொந்தம். நம் குடிசைகள் நின்ற மனையும் தங்களுடையதுதான் என்று பண்ணை வீட்டில் சொன்னார்கள். என் அப்பா பேர் பக்கிரி. அந்த வயலில் அவர் பண்ணையாள்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. மதகுச் சுவரில் கறுப்பு சிவப்புக் கொடி தீட்டியிருப்பார்கள். ஊர்தோறும் கரண்ட் என்று மேடையில் பேசினார்கள். பேசியபடி லாரியில் கம்பமும் வந்து இறங்கியது. ரோட்டோரம் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார்கள். கம்பம் வயல் வரப்பில் நடவேண்டும். பண்ணையின் காரியக்காரர் குடையோடு வந்து நின்றார்.

"எங்க வரப்புல கடப்பாரை பட்டுச்சுன்னா நடக்குறதே வேற. போயி அரசாங்கத்துக் காட்டுல நட்டுக்க."

லைன்மேன்கள் போய்விட்டார்கள். கம்பங்கள் அப்படியே கிடந்தன. நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்போம். ஆடு கட்டுவோம். நான் மூன்றாவதிலிருந்து ஆறாவதுக்குப் போகிறவரை கம்பங்கள் படுத்தே கிடந்தன.

ஒரு முழ வரப்புக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பாதான் ஒருநாள் நாற்றுக்கட்டு இறக்கும்போது சொன்னார்.

"கஞ்சத்தனமில்லடா. குடியிருக்குறவனுக்கே மனைன்னு சட்டம் வந்துருக்காம். லைட்டு வந்தா நம்பரு வரும். நம்பரு வந்தா பேரு வரும். பேரு வந்தா மனை நம்மளுதாயிரும். இது அவருக்குத் தெரிஞ்சுருக்கு. நமக்குத்தான் இத்தன நாளு தெரியல."

அதற்குப் பிறகு அப்பா நடையாய் நடந்தார். கரண்ட் ஆபீசில், "மனை ஒன்னுதுன்னு கர்ணத்துக்கிட்ட எழுதி வாங்கிட்டு வா" என்றார்கள். ஊர் நிலக் கணக்கு வைத்திருந்த கர்ணம், "நீ அங்க குடியிருக்குறன்னு எனக்கு என்ன அத்தாட்சி? கரண்ட் ரசீது கிரசீது இருக்கா?" என்றார். கரண்ட் வேண்டுமென்றால் மனை வேண்டும், மனை வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். கட்சிக்காரர்களிடம் சொன்னால் அடுத்த கூட்டத்தில் முழங்குவார்கள். கூட்டம் முடிந்து பண்ணை வீட்டில் காப்பி சாப்பிடுவார்கள். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் நம் கூட உட்கார்ந்தார்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் அறுப்புக் கூலித் தகராறு வந்ததும் அவர்களுக்கு அதுவே பெரிதாகிவிட்டது.

கடைசியில் வழிவிட்டவள் தெரு மாரியம்மன். காப்புக் கட்டிவிட்டால் ஆத்தாள் பேரால் கேட்டதைப் பண்ணை வீட்டிலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்போதுதான் அம்மை இறங்கியிருந்தது. "கோயிலுக்கு மட்டும் ஒரு லைட்டு" என்று கேட்டார்கள். சரி என்றுவிட்டார்கள். கம்பம் எழுந்து நின்றது.

திருவிழா முடிந்த வாரம் அப்பா கோயிலிலிருந்து ஒரு கம்பியை இழுத்து எங்கள் குடிசையில் ஒரு பல்பு போட்டார். மறைத்துப் போடவில்லை. எல்லோரும் பார்க்கப் பட்டப்பகலில் ஏணி வைத்துப் போட்டார். காரியக்காரர் எழுதிப் போட, ஆபீசிலிருந்து ஆள் வந்தார்கள்.

"நீதான் கரண்ட் திருடுனியா?"

"ஆமாங்க. நான்தான். இந்த வீட்டுக்குத்தான் எடுத்தேன். எழுதிக்குங்க."

எழுதினார்கள். அபராதம் போட்டார்கள். அப்பா கட்டிவிட்டு ரசீதுக்குக் கைநீட்டினார்.

"முழுப் பேரும் தெருவும் போட்டுக் குடுங்க சார். அப்பன் பேரும் போடுங்க."

"திருட்டுக்கு ரசீது கேட்டு வாங்குற ஆள இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார் கிளார்க்கு.

மறுநாள் தெருவே ஆபீஸ் வாசலில் நின்றது. நானும் திருடினேன், நானும் திருடினேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிளார்க்கு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், ஒன் வீட்டுல பல்பே இல்லயேய்யா!"

"கழட்டிப்புட்டேங்க. பயமா இருந்துச்சு."

இப்படித்தான், பிள்ளைகளே, அரசாங்கத்தின் காகிதத்தில் முதன்முதலாக நம் தெரு ஏறியது. திருடர்களாக ஏறினோம். எல்லோரும் அபராதம் கட்டி வாங்கின அந்த ரசீதுகளை வைத்துத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் சர்வீஸ் நம்பர் வாங்கினோம். மனைக்குப் பட்டா மட்டும் வரவில்லை. பண்ணை வீட்டில் கோர்ட்டுக்குப் போனார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது.

அப்பாவுக்கு மட்டும் ஒரு பேர் மிஞ்சியது. திருட்டுக்கரண்டு பக்கிரி. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே பண்ணையில் வேலை இல்லை என்றார்கள். பக்கத்து ஊரிலும் இல்லை என்றார்கள். நான் வெல்டிங் கற்றுக்கொண்டு சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனதும், அங்கிருந்து இங்கே வந்ததும் ஆசையினால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3

இங்கே என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு காற்றாலை நிற்கிறது. கன்னியாகுமரி பக்கம் பார்த்திருப்பீர்களே, மூன்று இறக்கை, அது மாதிரி இல்லை. இது நின்றபடி தன்னைத்தானே சுற்றும். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி நிமிர்ந்த தகடுகள். கடைவதற்கு மத்தை நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். என் மகன் கதிர் இதை "அப்பாவோட மிக்ஸி" என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான். நான் தமிழில் பேசினால் அவனுக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

இதை ஏன் எடுத்தேன் என்றால், இங்கே காற்று ஒரு பக்கமிருந்து அடிக்காது. கடலிலிருந்து அடிக்கும், மலையில் மோதித் திரும்பி அடிக்கும். மூன்று இறக்கைக்காரன் ஒவ்வொரு தடவையும் காற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பவேண்டும். நிமிர்ந்த காற்றாலைக்கு எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றுதான். சத்தமும் குறைவு. கரண்ட் எடுக்கிற பெட்டி தண்டின் அடியிலேயே இருப்பதால் பழுதானால் ஏணி வேண்டாம். இதெல்லாம் நல்லது. கெட்டதையும் சொல்லவேண்டும்: அதே காற்றில் மூன்று இறக்கைக்காரனைவிடக் குறைவாகத்தான் கரண்ட் கொடுக்கும். விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். கூரைமேல் வைக்கலாம் என்பார்கள். வைத்தால் வீடே அதிரும், காற்றும் கூரையில் மோதிக் கலங்கிப்போய் வரும். தனியாகத் தூண் நட்டு வைக்கவேண்டும்.

அந்தத் தூணுக்கு இங்கே அனுமதி வாங்கவேண்டும். இன்ன உயரத்தில் இன்னது வைக்கப்போகிறேன், ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள் என்று என் வாசல் கேட்டிலேயே ஒரு அறிவிப்பு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிய அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் பாட் என்று ஒரு கிழவர், ஆடு வளர்க்கிறார். அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் பார்த்துச் சரியென்றால்தான் வைப்பேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கடன் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே போய்ப் பர்சை எடுத்துவந்தார்! விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, "உன் மண்ணுதானே, என்னை ஏன் கேட்கிறாய்?" என்றார்.

உன் மண்ணுதானே. எங்கேயோ பிறந்த ஒருத்தனிடம் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

ஆபீசிலிருந்து அனுமதி வந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பேர் என் பேருக்குப் பின்னால் இருப்பதால் இங்கே எல்லோரும் அதையே என் பேராக எடுத்துக்கொள்வார்கள். கடிதம் "மதிப்பிற்குரிய திரு. பக்கிரி அவர்களுக்கு" என்று தொடங்கியது. கீழே, உங்கள் நிலத்தில் நீங்கள் தூண் நட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. சமையற்கட்டில் நின்று அதைப் படித்தேன். கதிர் "ஏன் அழறீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனுக்குப் போன் வந்தது.

4

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் அடித்த புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயலில் நின்ற கம்பங்கள் சாய்ந்தன. மற்றத் தெருவுக்கெல்லாம் புதுக் கம்பம் நட்டார்கள், நம் தெருவுக்கு நடவில்லை. ஏனென்று கேட்டால், பண்ணை வீட்டுப் பேரன் அந்த இரண்டு வயலையும் மனை போட்டு விற்கிற ஒரு ஆளுக்கு விற்றிருந்தார். கேஸையும் சேர்த்து விற்றிருந்தார். வாங்கினவர், என் இடத்தில் புதிதாகக் கம்பம் நடச் சம்மதிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நமக்கென்று வந்த புதுக் கம்பங்கள் மறுபடியும் ரோட்டோரம் படுத்துக்கொண்டன.

எனக்கு வெறி பிடித்தது. ஒவ்வொரு தலைமுறையும் எவன் வரப்பையாவது கெஞ்சவேண்டுமா? கம்பமே வேண்டாம், அக்கா வீட்டுக் கொல்லையிலேயே கரண்ட் எடுப்போம் என்று முடிவு செய்தேன். சோலார் தட்டு வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். கம்பம் சாய்கிற மாதத்தில் வெயில் ஏது? மழை பிடித்தால் வானம் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். மேலும் கண்ணாடி உடைந்தால் நான் என்ன செய்வேன்? இரும்பு என்றால் எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் நிமிர்ந்த காற்றாலை செய்கிறார்கள் என்று தெரிந்து போன் போட்டேன்.

"ஆயிரம் வாட்ஸ் சார், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்."

"எவ்வளவு காத்துல ஆயிரம்?"

"நல்ல காத்துல சார்."

"நல்ல காத்துன்னா?"

"புயல் மாதிரி... ஆனா புயல் இல்ல சார்."

ஊரில் காற்றை அளக்கக் கருவி கிடையாது. அக்காவிடம் தினமும் கேட்டேன். அவள் களத்துமேட்டு அளவில்தான் சொல்வாள். "இன்னைக்கு நெல்லு நிக்கிது, பதரு பறக்குது." "இன்னைக்கு தூசிதான் பறக்குது, பதரு காலடியிலயே விழுவுது." தூற்றின கை எனக்கும் உண்டு, எதைப் பறக்கவைக்க எவ்வளவு காற்று வேண்டுமென்று உடம்புக்குத் தெரியும். மத்து மாதிரி இருப்பது பதர் பறக்கிற காற்றுக்கு அசையாது. பீப்பாயை நெடுக்கப் பிளந்து எதிரும் புதிருமாக வைத்த மாதிரி இன்னொரு வகை உண்டு. அது மெதுவாகத்தான் சுற்றும், கொஞ்சமாகத்தான் கொடுக்கும், ஆனால் சின்னக் காற்றுக்கே கிளம்பிவிடும். அதைத்தான் எடுத்தேன். ஆயிரத்தை மறந்துவிட்டேன். நாலு பல்பு, ஒரு ஃபேன், போன் சார்ஜ். போதும். தென்னை மறைக்காத இடமாகக் கொல்லையின் மேற்கு மூலையைக்கூடப் படம் வரைந்து அனுப்பினேன். ஆடிக் காற்று அந்தப் பக்கம்தான் வரும்.

காற்று எப்படி என்று அவ்வளவு தடவை கேட்டவன், வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

5

சாமான் வந்து இறங்கிய அன்று போன் செய்தேன். அக்கா குரலே சரியில்லை.

"ஆள் வரச்சொல்லவா அக்கா, மாட்டுறதுக்கு?"

"எறக்கி வச்சிருக்கேன். மாட்ட வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்டா."

"புள்ளைங்க மெழுகுவத்தியில படிக்குது. இருட்டுல கெடக்குறீங்களே!"

"இருட்டுல கெடக்குறதுதான்டா எங்க கையில இருக்குற மனு. அதையும் புடுங்கிறியா?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் நிதானமாகச் சொன்னாள்.

"தம்பி, நீ மாட்டிடுற. அது சுத்துது. நம்ம வீட்ட பாத்துப் பக்கத்து வீட்டுக்காரனும் ஒண்ணு வாங்குறான். தெருவே பளிச்சுனு எரியிது. அந்த மனைக்காரன் என்ன சொல்லுவான்? அவங்களுக்குத்தான் கரண்ட் இருக்கே, கம்பம் எதுக்குன்னு கேப்பான். ஆபீஸ்காரனுக்கும் அதான வேணும்? கம்பம் வரலன்னா நம்பரு செத்துரும். நம்பரு செத்தா கோர்ட்டுல நாங்க யாரு? நேத்து வந்து குந்துனவங்க."

"காலம் மாறிருச்சு அக்கா..."

"எங்க மாறிருச்சு? அங்கயா? காத்துக்கு எவன்டா ரசீது குடுப்பான்? எனக்கு வெளிச்சம் வேணாம். கம்பம் வேணும்."

"பிடிவாதம் புடிக்காத. இவ்வளவு தேடிப் பாத்து எடுத்துருக்கேன்..."

"எடுத்த. யாரக் கேட்டு எடுத்த? ஒனக்கு அங்க பட்டா இருக்கு, காத்த புடிச்சு வெளையாடுற. நாங்க அப்பா கம்பத்த புடிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

கோபத்தில் நானும் ஏதேதோ சொன்னேன். இருட்டிலேயே கிடந்து சாவுங்கள் என்றுகூடச் சொன்னேன். பொங்கலுக்கும் பேசவில்லை.

அவர்கள் அந்த இருட்டை வைத்தே போராடினார்கள். பெண்பிள்ளைகளாகச் சேர்ந்து ரோட்டில், கிடந்த கம்பத்தைக் குறுக்கே உருட்டிப்போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். திருவையாறு பஸ் நின்றது. போலீஸ் வந்தது. "அந்தக் கம்பத்த தூக்கி நட்டுட்டா ரோடு காலியாயிரும் சார், நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்?" என்று அக்கா கேட்டாளாம். உன் அப்பாதான் எனக்குச் சொன்னான். அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ். அதற்குப் பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம் என்று போஸ்டர். மாசி மாதம் கம்பம் நின்றது.

அன்றைக்கு அக்காவே கூப்பிட்டாள்.

"வந்துருச்சு."

அவ்வளவுதான். பிறகு, "நாகூருக்கு நேந்துருந்தேன். போயிட்டு வரணும்" என்றாள். என் காற்றாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

கதிரிடம் இதையெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "இவ்வளவு கஷ்டத்துக்கு அவங்க வேற ஊருக்குப் போயிடலாமே?" என்றான். கெட்ட பிள்ளை இல்லை. காகிதத்தோடு பிறந்த பிள்ளை. இந்த வீட்டை எழுதி வைக்கிறேன் என்றால், வித்துடுங்க அப்பா, நான் டப்ளின் போயிடுவேன் என்கிறான்.

6

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், அபிநயா. அது ஏன் சுற்றவில்லை?

காற்று குறைவு என்பதால் இல்லை. இயந்திரம் கெட்டது என்பதாலும் இல்லை. நன்றாகப் பார்த்துத்தான் எடுத்தேன். இன்றைக்கு மாட்டினாலும் ஆடியில் சுற்றும். அது சுற்றினால் மீட்டரில் யூனிட் ஏறாது, அதைக் காட்டியே நீங்கள் அங்கே இல்லை என்று ஒருத்தன் நிரூபித்துவிடுவான் என்பதால் உன் அப்பாயி மாட்டவில்லை. அவள் செய்தது சரி. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ சொல்லிவிடு. பட்டா வந்த பிறகு மாட்டிக்கொள்ளுங்கள். அதுவரை மழை ஈரம் படாமல் சாக்குப் போட்டு மூடிவையுங்கள், அச்சில் மட்டும் கிரீஸ் காயவிடாதீர்கள். பட்டா எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வருவார். வீடு பூட்டியிருந்தால் "கதவு பூட்டு" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். தொடர்ந்து அப்படியே எழுதினால், இந்தத் தெருவில் யாரும் இல்லை என்று காட்ட அந்த மனைக்காரரின் வக்கீலுக்கு அதுவே போதும். பெரியவர்கள் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். ஆகவே ரீடிங் எடுக்கிற வாரத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது பள்ளிக்கூடம் விட்டதும் விளையாடப் போகாமல் வாசலில் இருங்கள். நீங்கள் வருகிறவரை எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர் வந்தால் கதவை அகலத் திறங்கள், அட்டையை எடுத்துக் கொடுங்கள், அவர் எழுதுவதை நின்று பாருங்கள். வேர்க்காவிட்டாலும் ஃபேனைப் போட்டுவையுங்கள்.

மீட்டர் ஓடட்டும்.